விற்றாலும் கையில் ஒரு டாலர் வராத வீட்டை ஏன் சுத்தம் செய்ய வேண்டும்?

அமெரிக்காவில் வீட்டுக் கடன் தவணை கட்ட முடியாமல் திணறுகிற ஒருவரிடம், "விற்பதற்கு முன் வீட்டைக் கொஞ்சம் சரிசெய்து வையுங்கள்" என்று சொன்னால் கோபம்தான் வரும். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. கடன் பாக்கி 3 லட்சத்து 40 ஆயிரம் டாலர், வீடோ 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேல் போகாது என்றால், விற்று வரும் பணம் முழுவதும் வங்கிக்குத்தான் போகும். பாக்கி முழுவதும் வராவிட்டாலும் பரவாயில்லை, வருகிற தொகையை வாங்கிக்கொண்டு வீட்டின் மீதுள்ள அடமானத்தை விடுவிக்கிறேன் என்று வங்கி ஒப்புக்கொள்கிற இந்த விற்பனைக்கு ஷார்ட் சேல் என்று பெயர். விற்கிறவருக்கு லாபம் கிடையாது. அப்படியிருக்க, புல் வெட்டுவதும் சுவரைத் துடைப்பதும் எதற்கு?

வங்கியின் லாபத்துக்காக இல்லை. அந்த வீட்டின் நிலைமைதான் விற்பனை முடியுமா முடியாதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. விற்பனை முடியாமல் போனால் அடுத்து வருவது ஃபோர்குளோஷர், அதாவது வங்கியே வீட்டை எடுத்து ஏலம் விடுவது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் ஒரு குடும்பத்தின் அடுத்த பல வருடங்களைப் பாதிக்கும். ஃபோர்குளோஷர் ஆனவர், வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிகளின்படி மறுபடி சாதாரண வீட்டுக் கடன் வாங்க 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஷார்ட் சேல் முடித்தவருக்கு அது 4 ஆண்டுகள்.

இந்த முறை பரவலாகப் பேச்சுக்கு வந்தது 2008 நெருக்கடிக்குப் பிறகு. 2006 உச்சத்திலிருந்து 2012 தொடக்கம் வரை அமெரிக்க வீட்டு விலை நாடு முழுக்கச் சராசரியாகக் கால் பங்குக்கும் மேல் விழுந்தது. லாஸ் வேகஸ், ஃபீனிக்ஸ் போன்ற நகரங்களில் பாதிக்கும் மேல் போயிற்று. நெவாடாவில் கடன் உள்ள வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை, வாங்கிய கடனைவிடக் குறைந்த மதிப்பில் நின்றன. அதுவரை ஷார்ட் சேல் என்றாலே மாதக்கணக்கில் இழுத்தடித்த வங்கிகள், ஏலத்தில் எடுத்த வீடுகள் பூட்டிக் கிடந்து பாழாவதைப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் இறங்கிவந்தன. 2010 ஏப்ரலில் மத்திய அரசு ஹாஃபா என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் கீழ் ஷார்ட் சேல் முடித்தவரிடம் மீதிக் கடனைக் கேட்கக் கூடாது, குடிபெயர அவருக்கு 3,000 டாலர் தர வேண்டும் என்று ஏற்பாடு. 2016 இறுதியோடு அந்தத் திட்டம் முடிந்தது.

பிறகு விலைகள் ஏறியதால் ஷார்ட் சேல் என்ற சொல்லே அரிதாயிற்று. ஆனால் டெக்ஸஸின் ஆஸ்டினில் 2022 உச்சத்தில் வாங்கியவர்கள் பலர் அதற்குப் பின் விலை இறங்கியதைப் பார்த்தார்கள். குறைந்த முன்பணம் போட்டு வாங்கி, வேலையும் போனால் பழைய கணக்கு திரும்பி வருகிறது. எச்-1பி விசாவில் அங்கே வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு இறுக்கமும் உண்டு. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளவோ, விசா நிலையை மாற்றிக்கொள்ளவோ, நாட்டைவிட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான். ஷார்ட் சேல் அதற்குள் முடிவது மிக அபூர்வம். ஆள் ஊரில் இல்லாமல் வீடு மட்டும் நிற்கும் நிலை அங்கேதான் தொடங்குகிறது.

வங்கி எப்படி முடிவெடுக்கிறது என்று தெரிந்தால்தான் வீட்டில் எதைச் செய்வது, எதை விடுவது என்பது புரியும். முதலில், மாதாமாதம் தவணை வாங்குகிற நிறுவனமே கடனின் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றில்லை. பெரும்பாலும் அது வசூல் செய்துகொடுக்கும் சர்வீஸர்தான். கடன் ஃபேனி மேயிடமோ, ஃபிரெடி மேக்கிடமோ, வேறொரு முதலீட்டாளரிடமோ இருக்கும். இவர்கள் யாரும் வீட்டைப் பார்க்க வரப்போவதில்லை. உள்ளூர் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஒருவருக்குச் சிறு கட்டணம் கொடுத்து, வீட்டைப் பார்த்து மதிப்புச் சொல்லச் சொல்வார்கள். இதை பிபிஓ (புரோக்கர் பிரைஸ் ஒப்பீனியன்) என்கிறார்கள். சில கடன்களுக்கு, உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரை வைத்து முறையான அப்ரைசல் செய்வார்கள். அந்த மதிப்பில் வங்கி ஒரு கணக்குப் போடும். வீடு 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கு விற்றால், 6 சதவீதம் கமிஷன் 16,200, பத்திரச் செலவும் வரி பாக்கியும் 4,000, அதே வீட்டின் மேல் இரண்டாவது கடன் கொடுத்தவரைச் சமாதானப்படுத்த 6,000 என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 2 லட்சத்து 43 ஆயிரத்து 800. ஏலத்துக்குப் போனால், வக்கீல் செலவு, வரி, பராமரிப்பு, காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் போக இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும் என்று கணக்கு சொன்னால் சம்மதம் வரும்.

எஃப்எச்ஏ என்ற மத்திய அரசு வீட்டு வசதி அமைப்பின் காப்பீடு உள்ள கடன்களுக்கு இந்தக் கணக்கை எழுத்திலேயே வகுத்து வைத்திருந்தார்கள். விற்பனைக்கு வந்த முதல் 30 நாளில் செலவெல்லாம் போக மதிப்பில் 88 சதவீதம் வர வேண்டும், அடுத்த 30 நாளில் 86, அதற்குப் பின் 84 சதவீதம் வந்தால் போதும். வங்கி கேட்கும் விலை வீட்டின் மதிப்பீட்டோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சிக்கல் இந்த மதிப்பீட்டில்தான். வந்து பார்த்தவருக்கு வீட்டின் உண்மையான குறைகள் கண்ணில் படவில்லை என்றால் மதிப்பு அதிகமாகப் போய்விடும். அஸ்திவாரத்தில் விரிசல் உள்ள வீட்டை நல்ல வீடு என்று எழுதிவிட்டால், நல்ல வீட்டுக்கான விலையை வங்கி கேட்கும். அதைக் கொடுக்க வாங்குபவர் தயாராக இருக்க மாட்டார். மாறாக, வீடு குப்பையும் நாற்றமுமாகக் கிடந்தால் வருகிறவர்கள் பாதி விலைக்குக் கேட்பார்கள், அந்த விலையை வங்கி ஒப்புக்கொள்ளாது. ஆகவே வீடு சுத்தமாக இருக்க வேண்டும், அதன் குறைகள் மறைக்கப்படாமலும் இருக்க வேண்டும். ஷார்ட் சேலுக்கு வீட்டைத் தயார்செய்வது என்றால் என்னைப் பொறுத்தவரை இவ்வளவுதான். வழக்கமான விற்பனையில் பழுதைச் சரிசெய்வார்கள் அல்லது புதுப் பெயின்ட் அடித்துச் சமாளிப்பார்கள். இங்கே பழுதை எடுத்துக்காட்டி, ஆதாரத்தோடு கையில் கொடுக்க வேண்டும்.

அதற்கு, கூரை, ஃபர்னஸ், அஸ்திவாரம், பிளம்பிங் என்று பெரிய பழுது ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி வைப்பது நல்லது. தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். பிபிஓ செய்ய ஆள் வரும் நாளில் வீட்டுக்காரரின் ஏஜென்ட் நேரில் இருந்து, அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் பட்டியலோடு இந்தக் காகிதங்களையும் கொடுக்கலாம். மதிப்பு சொல்ல வந்தவர் அவற்றை ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் அவசரமாக வந்து போகிற ஒருவருக்குக் தரைக்கு அடியிலுள்ள கிரால் ஸ்பேஸ் என்ற தாழ்வான இடைவெளியில் தேங்கிய தண்ணீர் தானாகத் தெரியாது.

இதற்கும் ஏமாற்றுக்கும் நடுவிலுள்ள கோடு முக்கியமானது. பிபிஓ அன்று வேண்டுமென்றே வீட்டைக் குப்பையாக்கி வைப்பது, உடைந்தது போலக் காட்டுவது, மதிப்பைக் குறைத்து வாங்கி உடனே வேறொருவருக்குக் கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுவது எல்லாம் நெருக்கடிக் காலத்தில் நடந்தன. ஃப்ளாப்பிங் என்று அதற்குப் பெயரே வந்தது. அது கடன் மோசடி. மாட்டினால் கைவிட்டுப் போவது வீடு மட்டுமாக இருக்காது. அதே போல, வாங்குபவரும் விற்பவரும் உறவினர்கள் இல்லை, மறைமுக ஒப்பந்தம் எதுவும் இல்லை என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டியிருக்கும். மைத்துனர் பெயரில் வாங்கி அதே வீட்டில் குடியிருக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கோபத்தில் சிலர் செய்யும் இன்னொரு காரியம், போகும்போது கிச்சன் கேபினட், வாட்டர் ஹீட்டர், ஏசி கம்ப்ரஸர் வரை கழற்றிக்கொண்டு போவது. வங்கிக்கு அடமானமாக இருப்பது இவையும் சேர்ந்த வீடு. பல மாநிலங்களில் இது வழக்காகும். கேபினட் இல்லாத வீட்டுக்கு வாங்குபவரின் கடனும் கிடைக்காது.

வாங்குபவரின் கடன் என்பதை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வீட்டின் நிலைமை மோசமாக இருந்தால் ரொக்கமாக வாங்கும் முதலீட்டாளர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள், அவர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். 3.5 சதவீத முன்பணத்தில் எஃப்எச்ஏ கடன் வாங்கும் இளம் குடும்பம் நியாயமான விலை தரத் தயாராக இருக்கும். ஆனால் அந்தக் கடனுக்கான அப்ரைசலில் தண்ணீர், மின்சாரம், ஹீட்டர் எல்லாம் ஓடிக்காட்ட வேண்டும். கூரை ஒழுகக் கூடாது, மின் கம்பி வெளியே தெரியக் கூடாது. 1978க்கு முன் கட்டிய வீடு என்றால் பெயின்ட் உரிந்திருக்கவும் கூடாது. இதில் நூறு இருநூறு டாலரில் முடிகிற வேலைகள் நிறைய. சுவிட்ச் போர்டு மூடி, படிக்கட்டுக் கைப்பிடி, புகை அலாரம், ஒழுகும் குழாய்க்கு வாஷர். கையில் இருக்கும் சொற்பக் காசை இவற்றில் போடுங்கள். புதுக் கிரானைட், புதுத் தரை, புது சோஃபா எதுவும் வேண்டாம், அதில் போட்ட பணம் ஒரு டாலர்கூடத் திரும்பாது. பழைய வீட்டில் பெயின்ட் சுரண்டும்போது மட்டும் கவனம். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, உலர்வாகச் சுரண்டினால் தூசி பறந்து குழந்தைகள் உடம்புக்குள் போகும். ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டும், குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

ஷார்ட் சேல்களைக் கொல்லுகிற பெரிய எதிரி காத்திருப்புதான். வாங்குபவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். வங்கி பதில் சொல்ல வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். பிபிஓ மதிப்பும் சில மாதங்கள்தான் செல்லும், அப்புறம் இன்னொன்று எடுப்பார்கள். அந்த இடைவெளியில் வீடு சும்மா இருக்காது, அழுகத் தொடங்கும். விற்பனைக்கு ஒப்புக்கொண்டபோது இருந்த வீடு வேறு, பத்திரம் மாறும் நாளில் இருக்கும் வீடு வேறு என்றாகிவிட்டால் வாங்குபவர் விலகிவிடுவார். பாதி தூரம் வந்த பிறகு நாலு மாதம் வீணாகி, ஏலத் தேதி நெருங்கியிருக்கும்.

வீட்டை அழுகவைப்பது பெரும்பாலும் தண்ணீர். ஒஹாயோ, மிஷிகன் போன்ற குளிர் மாநிலங்களில் ஜனவரியில் ஹீட்டரை நிறுத்திவிட்டுக் கிளம்பினால் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். பனி இளகும் நாளில் மேல் மாடியிலிருந்து தண்ணீர் கொட்டி ட்ரைவால், தரை, கேபினட் எல்லாம் போகும். காலி செய்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு வழிகள்தான். ஹீட்டரை 55 டிகிரி ஃபாரன்ஹீட்டில் விட்டு யாராவது வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் முறையாக விண்டரைஸ் செய்ய வேண்டும். அதாவது தெருவிலிருந்து வரும் வால்வை மூடி, குழாய்களையும் வாட்டர் ஹீட்டரையும் வடித்து, கம்ப்ரஸரால் காற்று ஊதி, சிங்க், டாய்லெட் வளைவுகளில் விஷமில்லாத ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுவது. ஃபுளோரிடாவில் இதற்கு நேர்மாறு. அங்கே கரன்ட் பில் கட்டாமல் ஏசி நின்றுபோனால் கோடையில் சில வாரங்களில் சுவரெங்கும் பூஞ்சை ஏறிவிடும். நனைந்த இடத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏவின் அறிவுரை. பத்துச் சதுர அடிக்குக் குறைவான பூஞ்சையை நாமே துடைத்துவிடலாம் என்றும் அது சொல்கிறது. கசிவை நிறுத்தாமல் பூஞ்சையின் மேல் பெயின்ட் அடிப்பதால் ஒரு பயனும் இல்லை, அது குறையை மறைத்த குற்றமாகவும் திரும்பி வரலாம்.

பேஸ்மென்ட் உள்ள வீட்டில், அங்கே சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப் இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்தால் அது நிற்கும், ஒரு நல்ல மழையில் பேஸ்மென்ட் குளமாகும். ஆகவே எந்தப் பில்லை நிறுத்தினாலும் கரன்ட் பில்லைக் கடைசி வரை கட்டிவிட வேண்டும் என்பது என் கருத்து. பல வாரம் பூட்டிய வீட்டில் கழிவு நாற்றம் வருவதற்குப் பெரும்பாலும் சிங்க் வளைவில் நின்ற தண்ணீர் வற்றிப்போனதுதான் காரணம். தண்ணீர் இணைப்பு இருக்கும் வீட்டில் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. இது தெரியாமல் சாக்கடையே பழுது என்று நினைத்து ஓடிப்போகிற வாங்குபவர்கள் உண்டு.

முடிந்தவரை பத்திரம் மாறும் நாள்வரை வீட்டில் குடியிருப்பதே எல்லாவற்றிலும் நல்லது. இரவோடு இரவாகக் காலி செய்துவிட வேண்டும் என்ற எண்ணம் அவமானத்தில் வருகிறது. அக்கம்பக்கத்தில் யாரும் பார்க்கக் கூடாது என்ற தவிப்பு. அது எனக்குப் புரிகிறது, அதைப் பழிக்க மனமில்லை. ஆனால் பத்திரம் மாறும்வரை வீடு சட்டப்படி அந்தக் குடும்பத்தின் வீடுதான், அங்கே இருக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. காலி செய்தால் காப்பீட்டில் சிக்கல் தொடங்கும். வழக்கமான வீட்டுக் காப்பீடுகளில், வீடு 30 அல்லது 60 நாட்களுக்கு மேல் காலியாக இருந்தால் உடைப்பு, நாசம் போன்றவற்றுக்கு இழப்பீடு கிடையாது என்று ஒரு விதி இருக்கும். நெருக்கடிக் காலத்தில் காலி வீடுகளில் புகுந்து செம்புக் குழாய்களைத் திருடிக்கொண்டு போனார்கள். குழாய் போனதோடு தண்ணீரும் திறந்துகொண்டு வீடே நாசமாகும். தவணை தவறிய வீடுகளுக்கு சர்வீஸரும் அவ்வப்போது ஆள் அனுப்பிப் பார்ப்பார். வீடு காலி என்று அந்த ஆள் எழுதிவிட்டால் பூட்டையே மாற்றிவிடுவார்கள், அதற்கான செலவும் கடன் கணக்கில் ஏறும். ஊரைவிட்டுக் கிளம்பியே ஆக வேண்டியவர்கள், வீடு விற்பனையில் இருக்கிறது, ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறார் என்று சர்வீஸருக்கு எழுத்தில் தெரிவித்து, வாசல் கதவுக்குள்ளும் ஒரு தாளில் ஏஜென்டின் எண்ணை ஒட்டிவைக்கலாம்.

காகித வேலையும் வீட்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, ஏன் கட்ட முடியவில்லை என்பதைச் சொல்லும் ஹார்ட்ஷிப் கடிதம் எல்லாம் சர்வீஸருக்குப் போக வேண்டும். கடிதத்தில் உருக்கமான வர்ணனை வேண்டாம். வேலை போன தேதி, மருத்துவச் செலவு, விவாகரத்து என்று நடந்ததைத் தேதியோடு சொன்னால் போதும். 2014 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள மத்திய விதியின்படி, பொதுவாகத் தவணை தவறி 120 நாள் தாண்டாமல் ஃபோர்குளோஷரைத் தொடங்கக் கூடாது. ஏலத் தேதிக்கு 37 நாட்களுக்கு மேல் இருக்கும்போது முழு விண்ணப்பமும் போய்ச் சேர்ந்துவிட்டால், சர்வீஸர் 30 நாளுக்குள் அதைப் பரிசீலித்துப் பதில் சொல்ல வேண்டும். முழு விண்ணப்பம் என்பதுதான் முக்கியம். ஒரு தாள் குறைந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

இந்தக் கட்டத்தில் கதவைத் தட்டுகிறவர்களில் மோசடிக்காரர்களும் இருப்பார்கள். "முன்பணம் கொடுங்கள், வங்கியிடம் பேசி முடித்துத் தருகிறோம்" என்பார்கள். வேலை முடிவதற்கு முன் இப்படிக் கட்டணம் வாங்குவதை மத்திய விதி 2011 தொடக்கத்திலிருந்தே தடை செய்திருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற வீட்டு வசதி ஆலோசகர்கள் இதே உதவியை இலவசமாகச் செய்கிறார்கள்.

சரி, விற்பனை முடிந்தது. மீதிக் கடன் என்ன ஆகும்? கலிஃபோர்னியாவில் 2011 ஜூலையில் வந்த சட்டத்தின்படி, ஒன்று முதல் நான்கு குடும்பங்கள் வாழும் வீடுகளின் ஷார்ட் சேலுக்குச் சம்மதித்த வங்கி, இரண்டாவது கடன் கொடுத்தவர் உட்பட யாரும், மீதியைக் கேட்க முடியாது. ஃபுளோரிடா போன்ற பல மாநிலங்களில் அந்தப் பாதுகாப்பு தானாக வராது. சம்மதக் கடிதத்தில், மீதித் தொகையைக் கேட்க மாட்டோம் என்று வங்கி தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அடமானத்தை விடுவிக்கிறோம் என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. வீடு கைமாறிவிடும், கடன் மட்டும் கூடவே வரும். முதலில் சொன்ன கணக்கில் அந்த மீதி 96,200 டாலர். வீடு பாழாகி விலை இன்னும் 20 ஆயிரம் இறங்கினால் மீதியும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். புல் வெட்டுவதும் குழாயைக் காப்பதும் விற்பவரின் பைக்கே வந்து சேர்கிற இடம் இது.

மீதியை வங்கி தள்ளுபடி செய்தால் அடுத்த ஜனவரியில் 1099-சி என்ற படிவம் வரும். தள்ளுபடியான கடனை வருமானமாகக் கருதி வரி கேட்பது அமெரிக்க வரிச் சட்டத்தின் பொது விதி. 2007 டிசம்பரில் வந்த ஒரு சட்டம் குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கு இதிலிருந்து விலக்குத் தந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதைப் பலமுறை நீட்டித்தது, 2020 இறுதியில் நிறைவேறிய நீட்டிப்பு 2025 இறுதி வரைக்குமானது. அந்த விலக்கு பொருந்தாவிட்டாலும் இன்னொரு வழி நிரந்தரமாக இருக்கிறது. தள்ளுபடி நேரத்தில் சொத்தைவிடக் கடன் அதிகமாக இருந்தது என்று காட்ட முடிந்தால், அந்த அளவுக்கு வரி இல்லை. 982 என்ற படிவத்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஷார்ட் சேலுக்கு வருகிறவர்களில் பலர் இந்த நிலையில்தான் இருப்பார்கள், ஆனால் படிவத்தைப் பற்றித் தெரியாமல் வரி கட்டிவிடுகிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வரி ஆலோசகரிடமும் அந்த மாநிலத்து வக்கீலிடமும் ஒரு மணி நேரம் உட்காருவது, வீட்டுக்குச் செய்யும் எந்தச் செலவையும்விடப் பயனுள்ளது.

கடைசி நாளில் வீட்டைப் பெருக்கி, சாவி, கராஜ் ரிமோட், உபகரணங்களின் கையேடுகளைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, மின்சாரத்தை மறுநாள் வரை ஓடவிடுங்கள். வங்கியின் சம்மதக் கடிதம், விற்பனையின் வரவு செலவைக் காட்டும் குளோசிங் ஸ்டேட்மென்ட், வீட்டின் போட்டோக்கள் மூன்றையும் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருங்கள். தீர்ந்துபோன கடன்கூடச் சில நேரம் பட்டியலோடு பட்டியலாக வசூல் நிறுவனங்களுக்கு விற்கப்படுகிறது. வருடங்கள் கழித்து யாரோ போன் செய்து பாக்கி கேட்டால், அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை அனுப்பினால் போதும்.